எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு கோடு: திருச்சியிலிருந்து சாங்கி, 2,980 கி.மீ.

முதல் நாள். ஆடி 15, வியாழன் இரவு. திருச்சி

அக்காவை விமானம் ஏற்றிவிட்டு இப்போதுதான் அறைக்கு வந்தோம். மணி இரண்டாகப் போகிறது. அக்கா மகன் கட்டிலில் படுத்துவிட்டான், ஆனால் தூங்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது தெரிகிறது. 11 வயது. அக்கா சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், 20 நாள் விடுப்பில் வந்தவள் இன்றைக்குத் திரும்பிப் போகிறாள். இவன் ஊரில் அம்மாச்சியோடு, அதாவது என் அம்மாவோடு, இருக்கிறான். ஊர் என்றால் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், கடைமடைப் பக்கம்.

அம்மாவும் அக்காவும் இவனும் மாலையிலேயே வாடகைக் காரில் வந்துவிட்டார்கள். வழி நெடுக அம்மாவுக்கு ஒரே கவலைதான். டிக்கெட்டில் இரவு 12:25-க்குக் கிளம்பி காலை 7:00-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, அம்மா விரல் விட்டு எண்ணி "ஆறரை மணி நேரம் காலைத் தொங்கப்போட்டே உக்காந்திருந்தா வீங்கிடாதா"ன்னு கேட்டுக்கொண்டே இருந்தார். டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் ஆறரை மணி நேரம் என்றுதான் சொல்லியிருக்கிறார். இது எத்தனை வீட்டில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் இந்த ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 7:00 என்றால் நம் வீட்டில் 4:30. ஆக, பயணம் 4 மணி 5 நிமிடம். அம்மாவிடம் "நம்ம ஊர்லேர்ந்து திருச்சிக்கு வந்த நேரத்தைவிடக் கொஞ்சந்தாம்மா கூட" என்றேன். அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது.

அந்த 4:05 முழுக்கப் பறக்கிற நேரமும் இல்லை. இங்கே சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரைக்கும் கணக்கு. இங்கே ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, அங்கே சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கியில் இறங்கி வாசல் வரை ஊர்ந்து போவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். சாங்கி பெரிய நிலையம் என்பதால் ஊர்வதற்கே நேரம் பிடிக்கும்.

புதிய முனையத்தை நான் இரவில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. 2024 ஜனவரி 2-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார், ஜூன் மாதத்திலிருந்து பயணிகள் வந்து போகிறார்கள். முகப்பில் கோபுரத்தின் சாயல், உள்ளே வண்ணம் வண்ணமாக ஓவியங்கள். ஆனால் வழியனுப்ப வருகிறவர்கள் உள்ளே போக முடியாது, கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, கும்பகோணம் என்று எல்லா ஊர் வண்டியும் நிற்கிறது, ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் ஒரு குடும்பம், அதில் ஒருவர் மட்டும் புதுச்சட்டையில். அக்கா உள்ளே போகும்போது மகனைத் திரும்பிப் பார்த்தாள், கையசைத்தாள், அப்புறம் திரும்பவில்லை. திரும்பினால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா காரிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். இவன் மட்டும் "மாமாகூட வர்றேன்" என்று அடம் பிடித்தான். சரி, நாளைக்கு லீவு போட்டு பைக்கில் கொண்டுபோய் விடலாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

விமானம் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்றான். செம்பட்டுப் பக்கம் புதுக்கோட்டை சாலையோரம் நின்றோம். 12:41-க்கு எழும்பியது. இவன் சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டான். "மாமா, தப்பா போவுது. சிங்கப்பூர் கெழக்கதான இருக்கு? இது மேக்க போவுது!"

நல்ல கண் அவனுக்கு. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, நீளம் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்க்காற்றுதான் இறக்கைக்கு அடியில் தூக்கிக் கொடுக்கும். ஆடியில் மேல்காற்று அடிக்கிறது, அதனால் மேற்கு பார்த்து ஓடி, ஏறி, பிறகு வளைந்து கிழக்கே திரும்புகிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வளைந்து நம் தலைக்குத் தெற்காகக் கிழக்கே போய்விட்டது. அதைப் பார்த்த பிறகுதான் கையை விட்டான்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் 2024 அக்டோபர் 11-ஐ ஞாபகப்படுத்தினார். அன்றைக்கு சார்ஜா போக வேண்டிய விமானம் ஏறியதுமே ஹைட்ராலிக் கோளாறு, எரிபொருளைக் குறைப்பதற்காக இந்த வானத்திலேயே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சுற்றி, 140-க்கு மேற்பட்டவர்களோடு பத்திரமாக இங்கேயே இறங்கியது. இரண்டரை மணி நேரத்தில் சிங்கப்பூர் வழியில் பாதிக்கு மேல் போயிருக்கலாம். அவர்கள் கடந்த தூரம் பூஜ்யம், ஆனால் அந்த இரவு இந்தப் பக்கத்து ஜனம் அவ்வளவு பேரும் வானத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். பெரியவர் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

"மாமா, அம்மா போற வழி நம்ம வீட்டு மேல போவுமா?" என்று பைக்கில் வரும்போது கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டாம் நாள். ஆடி 16, வெள்ளி. திருச்சி, தஞ்சாவூர்

காலையில் அக்கா பேசினாள். தரை தொட்டது சிங்கப்பூர் நேரம் 6:57. நம் நேரம் 4:27. ஆக, வானத்தில் இருந்தது 3 மணி 46 நிமிடம். கால் வீங்கவில்லை என்று அம்மாவிடம் முதலில் சொல்லச் சொன்னாள்.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடையில் உலக உருண்டை வாங்கினேன், குறுக்களவு 20 செ.மீ. வாழை நார்க் கட்டிலிருந்து ஒரு இழை உருவி, திருச்சி இருக்கும் இடத்தில் ஒரு முனை, சிங்கப்பூரில் ஒரு முனை, இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நாரை அளந்தால் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. உருண்டையின் சுற்றளவு ஏறத்தாழ 63 செ.மீ., பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ., ஒரு சென்டிமீட்டருக்கு 637 கி.மீ. வரும். 4.7-ஐ அதால் பெருக்கிப் பார் என்றேன். தரையில் உட்கார்ந்து பெருக்கினான். 2,994 வந்தது. அட்சரேகை தீர்க்கரேகை வைத்து நான் சரியாகப் போட்ட கணக்கு 2,980. நாரை வைத்து அளந்து 14 கிலோமீட்டர்தான் வித்தியாசம், எனக்கே உடம்பு சிலிர்த்தது.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் எல்லா ஊருக்கும் இப்படிச் சரியாக வராது. சென்னையிலிருந்து லண்டனுக்கு உருண்டையில் நாரைப் பிடித்தால் அது வடக்கே உப்பி வளைந்து போகும், வரைபடத்துக் கோடு வேறு இடத்தில் போகும். திருச்சியும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நாரும் அளவுகோலும் ஒன்றாகவே போகின்றன. சாங்கி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு டிகிரி சொச்சம்தான், 150 கிலோமீட்டர்.

அப்புறம்தான் இரவு அவன் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்தேன். கோடு எங்கெங்கே போகிறது என்று ஒவ்வொரு தீர்க்கரேகைக்கும் போட்டுப் பார்த்தேன். தஞ்சாவூருக்குத் தெற்கே 18 கி.மீ. தள்ளிப் போகிறது. ஒரத்தநாட்டை ஒட்டிப் போகிறது. திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் போகிறது. வேதாரண்யத்தில் கரையை விட்டுக் கடலுக்குள் இறங்குகிறது. இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"நம்ம வீட்டு மேலதான்டா போவுது."

நிஜ விமானம் இந்தக் கோட்டிலேயே போகும் என்று சொல்ல மாட்டேன். வானத்திலும் சாலைகள் உண்டு, ஐந்தெழுத்துப் பெயர் வைத்த புள்ளிகள் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் கொஞ்சம் அப்படி இப்படி விலகும், தூரமும் சற்றுக் கூடும். ஆனால் பாதை இதை ஒட்டித்தான். உடனே முடிவு செய்துவிட்டோம், நேராக ஊருக்குப் போகாமல் இந்தக் கோட்டுக்கு அடியிலேயே கடல் வரைக்கும் போய்விட்டு வீட்டுக்குத் திரும்புவது என்று.

தஞ்சாவூர் வரை நல்ல சாலை, ஒன்றரை மணி நேரம். நகரத்துக்குத் தெற்கே விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியிலிருந்து சுகோய் போர்விமான அணி ஒன்று அங்கே நிற்கிறது. டெல்டாவில் பயணி ஏறுகிற விமானம் இல்லாததால் எங்கள் ஜனத்துக்கு எல்லாமே திருச்சிதான். டிக்கெட்டில் போடாத தூரம் இதுதான். எங்கள் வீட்டு வாசலிலிருந்து திருச்சிக்கு மூன்றரை மணி நேரம், மூன்று மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும். அக்கா வாசல் தாண்டியதிலிருந்து அங்கே அறைக் கதவைத் திறந்தது வரை 13 மணி நேரம், அதில் வானத்தில் இருந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவு.

மாலையில் பெரிய கோயில். கல்வெட்டில் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது, "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்ற அடியிலிருந்து அவன் படை போய்ச் சேர்ந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறது. 1025-ஐ ஒட்டி நடந்த படையெடுப்பு. அந்த வரிசையில் மாநக்கவாரம் வருகிறது, அது நிக்கோபார். இலாமுரிதேசம் வருகிறது, அது சுமத்ராவின் வடமுனை, இன்றைய அச்சே. கடாரம் வருகிறது, மலேசியாவின் கெடா. நான் காலையில் போட்ட கோட்டை எடுத்துப் பார்த்தேன். கடலைக் கடந்து அது முதலில் தொடுகிற நிலம் அச்சேதான், பிறகு மேடானை ஒட்டிப் போய் மலாக்கா நீரிணைக்கு மேல் சாங்கிக்கு இறங்குகிறது. நிக்கோபார் இடது கைப்பக்கம் வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்தச் சுவரில் வெட்டி வைத்த பெயர்களை இரவு மூன்று மணியை ஒட்டி அக்கா தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறாள். புல்தரையில் உட்கார்ந்து இதை அவனிடம் சொன்னபோது அவன் உருண்டையைப் பையிலிருந்து எடுத்து அச்சேயைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

மூன்றாம் நாள். ஆடி 17, சனி. ஒரத்தநாடு, வேதாரண்யம், கோடியக்கரை

காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். ஒரத்தநாடு தாண்டியதும் கோட்டுக்கு அடியில் வந்துவிட்டோம் என்றேன், பையன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் போகிறது. குறுவை சில இடத்தில் பால் பிடிக்கும் பருவம், சில இடத்தில் இன்னும் நாற்றங்கால்தான். தென்னந்தோப்பு தொடங்கியதும் நடுநடுவே வெட்டவெளி தெரிகிறது, 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்து வீழ்த்திய இடங்கள். புதுக்கன்று வைத்தவர்களுக்கு இப்போதுதான் பாளை வருகிறது.

காற்று பைக்கை முதுகில் பிடித்துத் தள்ளியது. இங்கேதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை எழுத வேண்டும்.

ஆடியில் நமக்கு மேல்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, அம்மியும் பறக்கும் என்பார்களே அந்தக் காற்று. அப்படியானால் கிழக்கே போகிற அக்காவின் விமானத்தை இது தள்ளிவிட்டிருக்குமே, சீக்கிரம் போயிருக்குமே என்று பையன் கேட்டான். சரியான கேள்வி, ஆனால் நடப்பது தலைகீழ். தரையிலிருந்து 10 கி.மீ.க்கு மேலே போனால் இதே ஆடி மாதத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் மட்டும் தென்னிந்தியாவுக்கு மேலே ஓடுகிற வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று அது. அதை ஆராய்ந்து 1950-களில் உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம். இமயத்துக்கு வடக்கே திபெத்து மேட்டுநிலம் கோடையில் காய்ந்து மேல் காற்றைச் சூடாக்குகிறது, தெற்கே கடல் மேல் அவ்வளவு சூடு இல்லை, அந்த வித்தியாசம்தான் இந்தக் காற்றை ஓட்டுகிறது.

ஆக, ஆடியில் கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று. நான் இதை வார்த்தை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். டெல்டாக்காரனுக்கு மேற்கு மேல், கிழக்கு கீழ், ஏனென்றால் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே அந்தக் காற்றையும் சொல்லிவிட முடிகிறது பாருங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வழியில் பறக்கிற ஏ320 மாதிரி விமானம் மேலே போனபின் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். காற்றே இல்லாவிட்டால் 2,980 கி.மீ.க்கு 3 மணி 35 நிமிடம். எதிரே 60 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் வேகம் 770 ஆகிவிடும், 3 மணி 52 நிமிடம் பிடிக்கும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 890, 3 மணி 21 நிமிடத்தில் முடிந்துவிடும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சில நிமிடம் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே தூரம், ஒரே விமானம், அரை மணி நேர வித்தியாசம். அதனால் ஆடி ஆவணியில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் சீக்கிரம் வருவார்கள், போகிறவர்கள் மெதுவாகப் போவார்கள். "நல்ல காத்து மாமா" என்றான் பையன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டு வழியாகத்தான் போனோம், அம்மா இட்லி ஊற்றி வைத்திருந்தார், சாப்பிட்டுவிட்டு நிற்காமல் வேதாரண்யம் கிளம்பிவிட்டோம். "வீட்டுக்கு வந்துட்டு மறுபடி எங்கடா போறீங்க" என்று கேட்ட அம்மாவிடம் பையன் வானத்தைக் காட்டி ஏதோ சொன்னான், அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்.

வேதாரண்யத்தில் அகத்தியம்பள்ளி உப்பளம். வெயில் கண்ணைக் கூசுகிறது. பாத்திகளில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் அருகே நின்று பையனுக்குச் சொன்னேன். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி இராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று சுற்றி 28-ஆம் தேதி இங்கே வந்தார்கள், 30-ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். வழியில் யாரும் சோறும் தங்க இடமும் கொடுக்கக் கூடாது என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் தடை போட்டிருந்தார், ஆனாலும் ஜனம் மரக்கிளையில் சோற்றுப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டதாகத்தான் எங்கள் பக்கத்தில் பாட்டிமார் சொல்வார்கள். வேதரத்தினம் பிள்ளை இங்கே எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

திருச்சியிலிருந்து வேதாரண்யம், வான்வழி 132 கி.மீ. அவர்களுக்கு 15 நாள் நடை. அக்காவின் விமானத்துக்குக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் இரண்டையும் ஒப்பிட்டு எதையும் உயர்த்திச் சொல்லவில்லை. ஒரே கோட்டின் இரண்டு முனையில் இரண்டு வகையாகப் போயிருக்கிறார்கள், எனக்கு இரண்டுமே பெரிதாகத்தான் படுகிறது.

கோடியக்கரைக்கு மாலை நாலரைக்குப் போனோம், வேதாரண்யத்திலிருந்து 11 கி.மீ. காட்டுக்குள் வெளிமான் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. பூநாரை பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசிக்கு மேல் வர வேண்டும். கரையில் படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் படகில் ஜிபிஎஸ் பெட்டி இருந்தது. அதில் எந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் போட்டாலும் தூரமும் திசையும் காட்டும் என்றார். பையன் என்னைப் பார்த்தான். சாங்கி எண்ணைச் சொல்லச் சொன்னேன், அவனுக்கு அது இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. வடக்கு 1 டிகிரி 21, கிழக்கு 103 டிகிரி 59.

அண்ணன் போட்டார். பெட்டியில் 1,535 என்று வந்தது, திசை 109.

"ஆயிரத்தி ஐநூத்தி முப்பத்தஞ்சு நாட்டிகல் மைலு தம்பி. நம்ம படகுல போனா பத்து நாளு ஆவும், டீசலு பத்தாது" என்றார். கடலில் போகிறவர்களுக்கும் வானத்தில் போகிறவர்களுக்கும் ஒரே மைல்தான், 1,852 மீட்டர். பூமி உருண்டையில் அட்சரேகையின் ஒரு டிகிரியை 60-ஆக வகுத்தால் வருவது, அதனால்தான் இருவருக்கும் வசதி. திசை 109 என்றால் நேர் கிழக்கு 90, அதிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய வேண்டும். அண்ணன் கையை நீட்டி, கடலில் ஒரு இடத்தைக் காட்டினார். "அந்தா, அந்தப் பாய்மரம் தெரியுதுல்ல, அதுக்கு ரெண்டு வெரல் வலது பக்கம். அதே நேருல போனா ஒங்கம்மா."

பையன் அங்கே நின்றுகொண்டே இருந்தான். நானும் அவசரப்படுத்தவில்லை. இருட்டிய பிறகுதான் வேதாரண்யம் திரும்பினோம், ஒரு விடுதியில் தங்கியிருக்கிறோம், அறையில் கொசு அதிகம்.

நான்காம் நாள். ஆடி 18, ஞாயிறு. நாகப்பட்டினம், வீடு

பெருக்கன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மா காலையிலேயே போன் செய்துவிட்டார். ஆனாலும் நாகப்பட்டினம் போகாமல் இந்தப் பயணம் முடியாது, ஏனென்றால் தாத்தா அங்கிருந்துதான் போனார்.

விமானம் எல்லோருக்கும் வராத காலத்தில் எங்கள் ஜனம் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் நாகப்பட்டினத்தில்தான் கப்பல் ஏறியது. ரஜூலா கப்பல் என்று சொன்னால் 70 வயதைக் கடந்தவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். 1926-இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் கரை ஆழம் கிடையாது, கப்பல் தூரத்தில் நிற்கும், தோணியில் போய் ஏற வேண்டும். அதற்கப்புறம் எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது, அதோடு அந்தக் கப்பல் வழியே நின்றுபோனது. தாத்தா ரஜூலாவில் ஒரு வாரம் போனார். போய்ச் சேர்ந்தேன் என்று அவர் எழுதிய கடிதம் வர மேலும் பல நாள் ஆனது என்று பாட்டி சொல்வாராம், அதுவரை வீட்டில் யாரும் நல்ல சோறு சாப்பிடவில்லையாம். அக்கா தரை தொட்ட அஞ்சாம் நிமிடம் போன் செய்தாள்.

இன்னொன்று, துறைமுகத்தில் இப்போது இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள், 2023 அக்டோபரில் தொடங்கியது. தூரம் 110 கி.மீ., ஏறத்தாழ 4 மணி நேரம். திருச்சியிலிருந்து சாங்கிக்கும் 4 மணி நேரம். பையன் இதைக் கேட்டதும் நோட்டில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டான், கேள்வி எதுவும் கேட்கவில்லை.

வேளாங்கண்ணி, தலைஞாயிறு வழியாக வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடவில்லை, கடைமடைக்கு எப்போதும் கடைசியில்தான் வரும். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நாள், அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் கண் பூத்துவிடும். ஆனாலும் வந்துவிட்டது. படித்துறையில் காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் வைத்துக் கும்பிட்டு முடித்திருந்தார்கள், சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அம்மா அக்காவுக்கென்று ஒரு மஞ்சள் கயிறு தனியாக எடுத்து வைத்திருந்தார், யாராவது போகும்போது கொடுத்துவிடலாம் என்று. எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் ஆறிவிட்டிருந்தன, அப்படியே சாப்பிட்டோம்.

இரவு பையன் தூங்க மறுத்துவிட்டான். அதே விமானம் இன்றைக்கும் உண்டு. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தோம், அம்மாவும் கொஞ்ச நேரத்தில் ஏறி வந்து உட்கார்ந்தார். மேகம் இருந்தது, நடுநடுவே விலகி விலகி வந்தது. அக்காவுக்கு அங்கே மணி மூன்று, இரவு வேலையில் இருந்தாள், ஒரு பாட்டி தூங்கிவிட்டார் இப்போது பேசலாம் என்று போனில் வந்தாள். நான் செல்பேசியில் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் 12:41-க்கு எழும்பியது. மேற்கே போய்த் திரும்பியது. எங்கள் வீடு திருச்சியிலிருந்து வான்வழி 98 கி.மீ., ஏறிக்கொண்டே வருவதால் பத்துப் பதினோரு நிமிடம் ஆகும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவன்தான் முதலில் பார்த்தான். வடமேற்கில் தென்னை மட்டைக்கு மேலே, ஒரு வெள்ளை விளக்கும் விட்டு விட்டு எரிகிற சிவப்பும். நேர் தலைக்கு மேல் இல்லை, சற்று வடக்கே தள்ளி. சத்தம் விளக்கு தாண்டிப் போன பிறகுதான் வந்தது. "அம்மா, வந்துடுச்சு, வீட்டு மேல போவுது" என்று போனில் கத்தினான். அக்கா பதில் சொல்லவில்லை, அவள் மூச்சு மட்டும் கேட்டது. அம்மா கையை நெற்றிக்கு மேல் வைத்து, வெயிலில் பார்ப்பது போலப் பார்த்தார்.

அது வேதாரண்யம் பக்கம் இறங்கி மறைந்ததும் பையன் நோட்டை எடுத்து, என் செல்பேசி வெளிச்சத்தில் எழுதினான்.

"12:52. எங்க வீடு. மீதி 2,882."